எஸ்எஸ்எல் 4000 இ, நீவ் 1073 பிளகின்கள்: குரலுக்கு எது?

கேள்வி: ஒரே ஆண் குரல் டிராக்கில் இந்த இரண்டு பிளகின்களையும் (பழைய ஸ்டுடியோ மிக்சர் கருவிகளின் ஒலியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள்) மாற்றிப் போட்டால் நீவ்தான் எப்போதும் தடிமனாகக் கேட்கிறது. உண்மையான வித்தியாசமா?

பதில் 1: முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். அரை டெசிபல் கூடினாலே காது ஏமாறும். ஈக்யூவை (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) தொடாமல், அவுட்புட் நாபால் சரிசெய்து கேளுங்கள். உள்ளே போகும் சிக்னல் சராசரி -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்தை 0 எனக் கொண்ட டெசிபல்) அருகில் இருக்கட்டும். அதைத் தாண்டினால் நீவின் டிரான்ஸ்ஃபார்மர் சாச்சுரேஷன் (ஒலியைத் தடிமனாக்கும் லேசான சிதைவு) கூடிவிடும். நீங்கள் சொல்லும் தடிமன் பெரும்பாலும் அதுதான்.

பதில் 2: இரண்டின் வேலையும் வேறு. 1073-இல் ஹை ஷெல்ஃப் (உயர் அதிர்வெண்களை மொத்தமாகக் கூட்டிக் குறைப்பது) 12 கிலோஹெர்ட்ஸில் நிலையானது, மிட்டுக்கு (நடு அதிர்வெண்கள்) கியூ நாப், அதாவது அகலத்தை மாற்றும் நாப், இல்லை. எஸ்எஸ்எல்லில் இரண்டு மிட் பேண்டுக்கும் கியூ உண்டு, கம்ப்ரெசரும் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) கூடவே. 350 ஹெர்ட்ஸ் கலங்கலைக் குறுகலாக வெட்ட எஸ்எஸ்எல். உயர் அதிர்வெண்ணில் காற்றோட்டமான தெளிவு வேண்டுமா, நீவில் 2 டெசிபல் போதும்.

பதில் 3: ஓவர்சாம்பிளிங்கை (பிளகின் உள்ளே அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிடும் வசதி) ஆன் செய்தே ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் சாச்சுரேஷன் கூடும்போது 'ஸ' ஒலிகளில் அலியாசிங் (டிஜிட்டல் கணக்கீட்டில் தோன்றும் போலி அதிர்வெண்கள்) கரகரக்கும்.