நாயின் மண்ணீரலை எடுக்கும்போது இரத்தத்தை எப்படி மறிப்பது?

கல்முனை வெற்:
9 வயது ஜேர்மன் ஷெப்பர்ட், 28 கிலோ. ஸ்கேனில் மண்ணீரலில் தோடம்பழ அளவில் ஒரு கட்டி, இன்னும் வெடிக்கவில்லை. பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வீட்டுக்காரருக்கு வசதியில்லையாம், இங்கேயே செய்யச் சொல்கிறார். இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கிற மெஷின் எங்களிடம் இல்லை, நூலும் கிளாம்பும்தான். இரத்தம் பெருகினால் என்ன செய்வது என்பதுதான் யோசனை.

மட்டுநகர் பழசு:
நூலே போதும் டொக்டர், மெஷின் வருவதற்கு முன்பும் மண்ணீரலை எடுத்துக்கொண்டுதானே இருந்தோம். வயிற்றைத் தாராளமாகத் திறவுங்கள், சின்ன வெட்டுக்குள்ளால் இழுக்கப் போனால் கட்டி கிழிந்துவிடும். இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்து ஈரத் துணியில் வையுங்கள். பிறகு மண்ணீரலை ஒட்டியே ஒவ்வொரு குழாயாகக் கட்டிக்கொண்டு போங்கள்: உடம்பில் மிஞ்சுகிற பக்கம் இரண்டு கட்டு, மண்ணீரல் பக்கம் கிளாம்ப், நடுவில் வெட்டு. கொழுப்போடு சேர்த்து ஒரு பிடியாகக் கட்டினால் முடிச்சு வழுகும். நேரத்தை மிச்சம் பிடிக்க மண்ணீரலுக்கு வரும் பெரிய நாடியையே கட்டுவதென்றால், கணையத்துக்குப் போகும் கிளை பிரிந்ததற்கு அப்பால் கட்டுங்கள், இல்லையென்றால் கணையத்தின் இடது பக்கத்துக்கு இரத்தம் போகாது.

மண்ணீரல் முறுக்கிக்கொண்டிருந்தால் முறுக்கை அவிழ்க்காமலே குழாய்களைக் கட்டி எடுங்கள்.

அக்கரைப்பற்று:
அதெல்லாம் சரி, முதலில் இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் எவ்வளவு என்று பாருங்கள். நம்ம பக்கத்து நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம், பிளேட்லெட் விழுந்திருந்தால் எந்த முடிச்சும் காப்பாற்றாது. மயக்க மருந்தில் தயோபென்டோன், அசிப்ரோமசின் இரண்டையும் தவிருங்கள், மண்ணீரல் இரத்தம் நிறைந்து ஊதிவிடும்.

கல்முனை வெற்:
நன்றி. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால்?

மட்டுநகர் பழசு:
25 கிலோவுக்கு மேற்பட்ட, தடுப்பூசி போட்ட, உண்ணிக் காய்ச்சல் இல்லையென்று பார்த்த ஒரு நாயை முதலே பேசி வையுங்கள், 450 மி.லீ. எடுக்கலாம். உங்கள் நாய்க்கு முன்பு இரத்தம் ஏற்றியிருக்காவிட்டால் முதல் தடவை பெரும்பாலும் பிரச்சினை வராது. எவ்வளவு இரத்தம் போனது என்று அறிய, இரத்தம் ஒற்றிய சுவாப்பைத் தராசில் போட்டு, காய்ந்த நிறையைக் கழித்தால் 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லீ. இந்த நாய்க்கு மொத்த இரத்தமே 2.4 லீற்றர் அளவில்தான், போனது அரை லீற்றரைத் தொட்டால் யோசிக்காமல் ஏற்றுங்கள்.

வயிற்றை மூட முன் பிரஷர் வழமைக்கு வரட்டும். பிரஷர் விழுந்து கிடக்கும்போது எல்லாக் கட்டும் காய்ந்த மாதிரித்தான் தெரியும்.

அக்கரைப்பற்று:
அப்புறம் இரண்டு நாளைக்கு ஈசிஜி பாருங்கள், மண்ணீரல் எடுத்த நாய்க்கு இதயத் துடிப்பு தாறுமாறாவது சகஜம்.