புதுப்பிப்பு: பச்சைய ஒளிர்வும் ஐயோவா வயல்களின் உற்பத்திக் கணக்கும்

சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி அளக்கும் பச்சைய ஒளிர்வை (வெயிலில் இலைப் பச்சையம் உமிழும் மங்கிய ஒளி) கொண்டு, அமெரிக்காவின் ஐயோவா மாநில மக்காச்சோள, சோயா வயல்களில் மொத்த முதன்மை உற்பத்தியை, அதாவது ஒளிச்சேர்க்கையால் பயிர் ஈர்க்கும் மொத்தக் கரிமத்தை, கணக்கிட்டபோது, சனவரியில் வெற்று நிலம்கூட ஒளிர்வதாகத் தெரிவது ஏன் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

எதிர்மறை மதிப்புகளை நீக்க வேண்டாம் என்ற ஆலோசனையே பலித்தது. பயிர் எதிரொளிக்கும் அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்வின் பங்கு ஓரிரு விழுக்காடே என்பதால் தனி அளவீடுகளில் இரைச்சல் மிகுதி. சுழியத்துக்குக் கீழே விழுந்தவற்றைப் பிழையென நான் வடிகட்டியதால், மேலே விழுந்தவை மட்டும் எஞ்சிச் சராசரியை உயர்த்திவிட்டன. அவற்றைத் திரும்பச் சேர்த்ததும் சனவரிச் சராசரி சுழியத்தை ஒட்டி வந்தது. பிற்பகல் 1.30 மணியளவில் எடுக்கப்படும் அளவைச் சூரியக் கோணத்தின்படி நாள் சராசரியாக மாற்றியதில், வயல் கோபுரங்களில் கரியமில வாயுப் பரிமாற்றத்தை அளந்து பெறும் அளவீடுகளோடு பொருத்தம் சற்றே கூடியது.

நான் எதிர்பாராதது வேறொன்று. ஒளிர்வை உற்பத்தியாக மாற்றப் பெருக்கும் ஒரே சாய்வெண் இரு பயிருக்கும் பொருந்தவில்லை. சி4 எனும் ஒளிச்சேர்க்கை வகையான மக்காச்சோளம் ஒளிச்சுவாசத்தில் (ஈர்த்த கரிமத்தில் ஒரு பகுதி வெளிச்சத்திலேயே மீண்டும் வெளியேறுவது) இழப்பது மிகக் குறைவு. ஆகவே அதே அளவு ஒளிர்வுக்குச் சோயாவைவிடக் கூடுதல் கரிமத்தை நிலைப்படுத்துகிறது. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே படப்புள்ளியில் இரண்டும் கலந்திருப்பதால், அமெரிக்க வேளாண்துறையின் பயிர் வரைபடத்திலிருந்து பரப்பு விகிதத்தை எடுத்து, இரு சாய்வெண்களைத் தனித்தனியே பொருத்தி வருகிறேன்.