பழைய ரவுட்டருக்குப் பெயர்: பாலமா, புணையா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். மாலை வகுப்புக்கான கணினிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்துக்கு மட்டும் தலைப்புச் சொல் அமையவில்லை. 1960இல் கரோல் புயல் அடித்த பிறகு மொரீசியசில் கான்கிரீட் வீடுகள் பெருகின. அச்சுவர்களைக் கடப்பதற்குள் வைஃபை அலை நலிந்துவிடுகிறது. பின்னறையில் கம்பி இணைப்பு மட்டுமே உள்ள மேசைக் கணினியோ அச்சுப்பொறியோ இருந்தால், மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரில் டிடி-டபிள்யூஆர்டி போன்ற மென்பொருளை ஏற்றி, அதையே முதன்மை ரவுட்டரின் வைஃபையில் சேரும் கருவியாக்கிவிடலாம். முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பணியை இதில் நிறுத்திவிட வேண்டும். அதன்பின் இதன் துளைகளில் செருகும் கருவிகள் வீட்டு வலையில் சேர்ந்துவிடும். இந்நிலையில் இதை, ரவுட்டருக்கு வழங்கும் 'திசைவி' என்ற சொல்லால் எழுத மனம் ஒப்பவில்லை; திசை காட்டும் வேலையைத்தான் இது விட்டுவிட்டதே.

கத்ர் போர்னிலிருந்து:
'அருகலைப் பாலம்' என்று எழுதுங்கள், அம்மா. அருகலை என்பது வைஃபைதான். பாலம் என்ற சொல் மாணவருக்குப் புரியும். திசைவிக்கே 'ஆற்றுப்படுத்தி' என்பதுதான் பொருத்தம் என்பது என் நெடுநாள் கருத்து. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. வந்த தரவுப் பொதியை இன்ன வழியே போ என்று அனுப்பும் கருவிக்கு இதைவிட நல்ல பெயர் ஏது?

போர்ட் லூயிசிலிருந்து:
பாலம் என்றால் இரு கரையும் அசையாமல் பிணைந்திருக்க வேண்டும். இங்கே நடுவில் இருப்பது அலை மட்டுமே. அலைமேல் ஏற்றிக் கரை சேர்ப்பதற்குத் தமிழில் புணை, அதாவது தெப்பம், என்ற சொல் உண்டு. 1134ஆம் குறளில் வள்ளுவர் ஆண்டதுதான். புணர், பிணை ஆகியவற்றோடும் அதற்கு உறவு இருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன். 'அலைபுணை' என்பது என் பரிந்துரை.

மோக்காவிலிருந்து:
ஐயா, ஒற்று இல்லாவிட்டால் அது வினைத்தொகை. அலைந்த, அலைகின்ற, அலையும் புணை என்று பொருள்படும். தொடர்பு அறுந்து திரியும் கருவிக்குத்தான் அப்பெயர் பொருந்தும். 'அலைப்புணை' என்று வேற்றுமைத்தொகையாக எழுத வேண்டும். வீட்டில் கிரியோல் பேசி, வகுப்பில் மட்டும் தமிழ் எழுதும் பிள்ளைகள் அந்த ஒற்றை நினைவில் வைப்பார்களா என்பதே என் கவலை.

வாக்வாவிலிருந்து:
வலைப்பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உண்மையான பாலம் தன்னைக் கடக்கும் பொதியின் வன்பொருள் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, தொடுவதில்லை. ஆனால் வைஃபையில் சேரும் கருவி அனுப்பும் வழக்கமான பொதியில் மூன்று முகவரிகளுக்கே இடமுண்டு. அனுப்புபவரும் மூலமும் ஒருவரே என்பது அதன் ஏற்பாடு. பின்னால் நிற்கும் கணினியின் முகவரிக்கு அங்கே இடமில்லாததால், பழைய ரவுட்டர் தன் முகவரியையே இட்டு அனுப்புகிறது. மறுமொழி வந்ததும் உரியவருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. முதன்மை ரவுட்டரின் பட்டியலில் பின்னறைக் கருவிகள் எல்லாம் ஒரே வன்பொருள் முகவரியோடு தெரிவது இதனால்தான். நான்கு முகவரி கொண்ட முறையும் உண்டு. அதை இரு ரவுட்டர்களும் ஏற்க வேண்டும். ஆகவே 'பாலம்' முழுக்கச் சரியன்று. எனினும் அமைப்புத் திரையில் பாலம் என்ற பொருளுள்ள சொல்லையே மாணவர் காண்பர் என்பதால், என் வாக்கு அதற்கே.

ரோஸ் ஹில்லிலிருந்து:
என்னையும் சேர்த்து மூவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் 'அருகலைப் பாலம்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். வன்பொருள் முகவரி பற்றிய விளக்கத்தைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டேன்.

போர்ட் லூயிசிலிருந்து:
பொருத்தமில்லை என்று விளக்கிய பிறகும் அதே சொல்லை ஏற்பதை என்னால் ஒப்ப இயலவில்லை. அடிக்குறிப்பிலாவது 'அலைப்புணை' இடம்பெறட்டும். ஒற்றைச் சேர்த்தே எழுதுங்கள்.