மோதிலால் பதம்பத் தீர்ப்பு: அரசு சொன்ன சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு?

வரிக்கணக்கு:
ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி மறுபயன் (வாக்குக்குப் பதிலாகக் கிடைப்பது) இல்லாத உடன்பாடு, சில விதிவிலக்கு தவிர, செல்லாது. பிறகு உ.பி. அரசு சும்மா சொன்ன வாக்கைப் பிடித்துக்கொண்டு, பிராமிசரி எஸ்டாப்பல் (வாக்கை நம்பிச் செயல்பட்டவரிடம் அதிலிருந்து பின்வாங்கக் கூடாது) என்று மோதிலால் பதம்பத் கம்பெனிக்கு வரிவிலக்கு கொடுக்க உச்ச நீதிமன்றம் சொன்னது எந்த ஊர் நியாயம்? கஜானா என்ன மந்திரி வீட்டு உண்டியலா?

கோர்ட்டுத்திண்ணை:
சும்மா சொன்னதா? 1968 அக்டோபரில், புது ஆலைகளுக்கு மூன்று வருஷம் விற்பனை வரி இல்லை என்று பேப்பரில் வந்தது. கம்பெனி அதை மட்டும் நம்பவில்லை. 1969 ஜனவரியில் தலைமைச் செயலாளரிடம் கடிதமே வாங்கியது. பிறகுதான் கான்பூரில் வனஸ்பதி ஆலை எழும்பியது. 1970 ஜூலை 2 உற்பத்தி ஆரம்பம். அதற்கு முன்பே முழு விலக்கு பகுதிச் சலுகையாகச் சுருங்கியிருந்தது. ஆகஸ்டில் அதுவும் போச்சு. பாய்லரைப் பெயர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகவா?

வரிக்கணக்கு:
பகுதிச் சலுகைக்குச் சரி என்று ஜூனில் கம்பெனியே எழுதிக் கொடுத்ததைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்களே! உயர் நீதிமன்றம் அதை வைத்துத்தான் தள்ளியது.

கோர்ட்டுத்திண்ணை:
உரிமையை விட்டுக்கொடுத்தார்கள் என்றால் அதை அரசு தன் பதிலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உச்ச நீதிமன்றம் பிடித்தது அங்கேதான். கஜானா பயமும் வேண்டாம்: பொதுநலன் பெரிது என்றால் அரசு பின்வாங்கலாம், ஆனால் காரணத்தைக் கோர்ட் முன்னால் வைக்க வேண்டும்.

வரிக்கணக்கு:
சென்னையிலிருந்து போன நீதிபதி கைலாசம் 1980-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஜித் ராம் வழக்கில் இந்த மோதிலால் தீர்ப்பை ஏற்கவில்லை.

கோர்ட்டுத்திண்ணை:
மோதிலால் போலவே அதுவும் இருவர் அமர்வு சார். ஒத்துவராவிட்டால் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்க வேண்டும். 1985-ல் காட்ஃப்ரே பிலிப்ஸ் வழக்கில் மூவர் அமர்வு மோதிலால் பக்கம் நின்றுவிட்டது.

மாடிவீடு:
நடுவில் ஒன்று. கொரோனா சமயம் ஹவுஸ் ஓனர் பாதி வாடகை போதும் என்றார். இப்போது மீதியைக் கேட்கிறார். எனக்கு இது பொருந்துமா?

வரிக்கணக்கு:
1946-ல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் சொன்ன ஹை ட்ரீஸ் தீர்ப்பு கிட்டத்தட்ட உங்கள் கதைதான்: போர்க்காலத்தில் 2,500 பவுண்டு வாடகையைப் பாதியாக்கிய வழக்கு. ஆனால் இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவே, வரவேண்டியதில் ஒரு பகுதியை மறுபயன் இல்லாமல் விட்டுக்கொடுக்க இடம் தருகிறது. இதில் திண்ணையும் நானும் ஒரே கட்சி. எழுத்தில் இருக்கிறதா?

மாடிவீடு:
வாட்ஸ்அப்பில் இருக்கு.

கோர்ட்டுத்திண்ணை:
அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.