துருக்மென் என்றால் துருக்மெனிஸ்தான்காரரா? ஈராக்கிலும் இருக்கிறார்களே

சாய்ந்தமருது குசினிக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். வரலாறு தெரிந்த ஆட்கள் கொஞ்சம் விளக்கம் சொல்லுங்கள். நான் ஈராக்கில் எர்பில் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, இப்போது லீவில் ஊரில் நிற்கிறேன். இறைச்சி வெட்டுகிற மேசையில் என் பக்கத்தில் நிற்பவர் கிர்குக் ஊர்க்காரர். பெரிய சமையல்காரரோடு அரபு, சாமான் இறக்குகிற பொடியன்களோடு குர்திஷ், போனில் தம்பியோடு மட்டும் வேறொரு மொழி. துருக்கி நாடகம் ஓடினால் கீழே எழுத்துப் போடாமலே அவருக்கு விளங்குகிறது, அடுத்தது என்ன நடக்கும் என்று எங்களுக்கும் சொல்லிக் கெடுத்துவிடுவார். என்ன ஆள் நீங்கள் என்று கேட்டால் துருக்மென் என்கிறார். அப்போ துருக்மெனிஸ்தானா என்றேன். மனிசனுக்கு முகம் மாறிவிட்டது. "அந்த நாட்டை நான் மெப்பில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை, எங்கள் வாப்பா, மூத்தவாப்பா எல்லோரும் கிர்குக் மண்ணில்தான் அடக்கம்" என்றார்.

ஊருக்கு வந்து மருமகனின் அட்லஸை எடுத்துப் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் நடுவில் ஈரான் முழுசாகக் கிடக்கிறது. ஒரே ஆட்களா, பெயர் மட்டும்தான் ஒன்றா? மொழி ஒன்றா? திரும்பிப் போனதும் அவரோடு ஒழுங்காகக் கதைக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

வாவிக்கரை வாத்தியார்:

தம்பி, வேர் ஒன்று, கிளை வேறு. அவர் முகம் மாறினதில் நியாயம் இருக்கிறது. நாட்டின் பெயரை வைத்து ஆளைப் பிடிக்கப் போனால் இந்த விசயத்தில் எப்போதும் பிழைக்கும், ஏனென்றால் பெயர் ஆயிரம் வருசத்துக்கு மேல் பழையது, அந்த நாடு எல்லை போட்டு உருவானது 1924இல், சோவியத் குடியரசாக. தனி நாடானது 1991 ஒக்டோபரில்.

மத்திய ஆசியாவில் சிர் தர்யா ஆற்றுப் பக்கம் ஒகூஸ் என்று ஒரு பெரிய துர்க்கியக் கூட்டம் இருந்தது. ஆடு, குதிரை, ஒட்டகம் என்று மேய்ச்சலோடு நகர்கிற ஆட்கள். 10ஆம் நூற்றாண்டில் இவர்களில் இஸ்லாத்துக்கு வந்தவர்களைத்தான் அரபு எழுத்தாளர்கள் துருக்மென் என்று எழுதத் தொடங்கினார்கள். அல்-முகத்தசியின் நூலில் அந்தப் பெயர் இருக்கிறது. பிறகு இவர்களில் செல்ஜூக் குடும்பம் தலையெடுத்து, 1040இல் பழைய மெர்வ் நகரத்துப் பக்கம் தண்டனக்கான் என்ற இடத்தில், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட கஸ்னவி அரசின் படையை உடைத்து, 1055இல் பக்தாத், 1071இல் இன்றைய கிழக்குத் துருக்கியில் உள்ள மன்சிகேர்ட் என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் பின்னால் மேய்ச்சல் குடும்பங்களும் போயின. போனவர்களின் வழியில்தான் இன்றைய துருக்கிக்காரர், அசர்பைஜான்காரர், ஈராக், சிரியா துருக்மென்கள் எல்லோரும் வருகிறார்கள். கிழக்கே காரகும் பாலைவனத்தைச் சுற்றியே நின்றுவிட்டவர்கள்தான் துருக்மெனிஸ்தான், ஈரானின் வடகிழக்கு மூலை, ஆப்கானிஸ்தானின் வடக்கு ஆகிய இடங்களில் இருக்கிற துருக்மென்கள்.

ஈராக்கில் இவர்கள் ஒரே தடவையில் வந்து இறங்கவில்லை. அப்பாசியர் காலத்தில் சம்பளப் படையாக வந்தவர்கள், செல்ஜூக்கோடு வந்தவர்கள், 15ஆம் நூற்றாண்டில் பக்தாதை ஆண்ட கறுப்பு ஆட்டுக் கூட்டம், வெள்ளை ஆட்டுக் கூட்டம் என்ற இரண்டு துருக்மென் அரசுகளின் ஆட்கள், அப்புறம் உஸ்மானியர் காலத்தில் வந்தவர்கள் என்று அடுக்கு அடுக்காகச் சேர்ந்தது. மெப்பில் தல் அஃபரில் பென்சிலை வைத்து மோசுல் பக்கம், எர்பில், அல்துன் கோப்ரு, கிர்குக், தூஸ் குர்மாத்து, கிஃப்ரி, மந்தலி என்று தென்கிழக்கே ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் ஒரு பக்கம் குர்து மலை, மறுபக்கம் அரபுச் சமவெளி. பழைய பக்தாத் வீதியும் அந்த வழிதான். இரண்டு பெரிய கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் மாகாணத்து ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014இல் ஐ.எஸ். ஆயுதக் கூட்டம் வந்தபோது தல் அஃபரிலிருந்து ஜனம் ஓடியது, அமெர்லி என்ற சின்ன ஊர் கோடை முழுக்க முற்றுகையில் கிடந்தது. இரண்டும் துருக்மென் ஊர்கள். அவர்களுக்குள்ளேயே சுன்னியும் உண்டு, ஷியாவும் உண்டு.

காத்தான்குடி ஓட்டோ:

வாத்தியார் ஈராக் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். ஷார்ஜாவில் என் அறையில் மாரி ஊர்க்காரன் ஒருவன் இருந்தான், அதுதான் பழைய மெர்வ். நல்ல பொடியன், ஆனால் பச்சைத் தேயிலைக்கு ஆளுக்கு ஒரு கேத்தல் வேண்டும். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, நடுவில் ஒன்றாக ஊற்றிக் குடிக்கிற கதையே இல்லை. முதல் கோப்பையை ஊற்றித் திரும்பக் கேத்தலுக்குள்ளேயே விடுவான், அப்படி மூன்று தரம், பிறகுதான் குடிப்பான். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் எழும்பி வந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவான்.

என்ன ஆள் என்று கேட்டால் துருக்மென் என்பதற்கு முதலே தெக்கே என்பான். அது அவனுடைய பிரிவு. தெக்கே, யொமுத், எர்சாரி, சாரிக், சோவ்துர் என்ற ஐந்துக்கும் உள்ள கம்பளச் சின்னங்களைத்தான் அந்த நாட்டுக் கொடியில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். சாலிர் என்று பழைய பெயர் பெற்ற இன்னொன்றும் உண்டு. தெக்கே ஆட்கள் அஹால், மாரி பக்கம், யொமுத் காஸ்பியன் கரையும் வடக்கும், எர்சாரி அமு தர்யா ஆற்றோரம். தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஏழு தலைமுறைப் பெயரை ஒரே மூச்சில் சொல்வான். நம்மட பக்கம் தமிழருக்கும் சோனகருக்கும் குடி இருக்கிறது, கோயிலை நடத்துகிற வண்ணக்கரும் பள்ளியை நடத்துகிற மரைக்காரும் குடி பார்த்துத்தான் வந்தார்கள், ஆனால் நமக்குத் தாய்வழி, அவனுக்குத் தகப்பன்வழி. நான் உம்மாவின் குடிதான் என்று சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பு இருக்கே, அடுத்த அறைக்காரன் வந்து கதவில் தட்டினான்.

அவனுக்கு 'ஸ' வராது. நாக்கைப் பல்லுக்கிடையில் விட்டு, ஹதீஸ் என்ற சொல்லில் அரபிகள் கடைசி எழுத்தைச் சொல்வார்களே, அந்தச் சத்தம்தான் வரும். முன்பல் விழுந்த ஆள் போலிருக்கு என்று பகிடி பண்ணினேன், பிறகு பார்த்தால் நாட்டில் எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறார்களாம்.

கல்லடிப் பாலம்:

ஓட்டோ அண்ணன் சொன்னது சரி. மொழியைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், படிப்பு அதுதான். துருக்மென் மொழி, துருக்கி, அசர்பைஜானி மூன்றும் ஒகூஸ் கிளை. துருக்கிக்காரர் நான் என்பதற்கு 'பென்' என்பார்கள், துருக்மெனிஸ்தானில் 'மென்'. 'ஆகு' என்ற வினை அங்கே 'போல்', துருக்கியிலும் அசர்பைஜானிலும் 'ஒல்'. இப்படிச் சின்னச் சின்னதாக விலகி நிற்கிறது. பழைய துர்க்கியின் நெடில் உயிர்களை துருக்மென் மொழி விடாமல் வைத்திருக்கிறது: 'அத்' என்றால் குதிரை, 'ஆத்' என்றால் பெயர். சொல்லும்போது வேறுபாடு தெரியும், எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டுத்தான். குறில் நெடிலுக்குத் தனி எழுத்து வைத்துப் பழகின எங்களுக்கு இது பெரிய சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. வேர்ச்சொல்லின் வாலில் விகுதியாக அடுக்கிக்கொண்டு போவதில் மட்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.

எழுத்தின் கதை பாவம். முதலில் அரபு எழுத்து, 1920களின் கடைசியில் லத்தீன், 1940இல் ரஷ்ய எழுத்து, 1993இல் மறுபடி லத்தீன். அந்த 1993 எழுத்தின் முதல் வடிவத்தில் டொலர், யென், பவுண் குறிகளை எழுத்தாகப் போட்டிருந்தார்கள், பொய்யில்லை. பிறகு மாற்றிவிட்டார்கள். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் உள்ளவர்கள் இன்றும் அரபு எழுத்துத்தான்.

குசினிக்கார அண்ணனின் நண்பர் கதைப்பது இதுவல்ல. ஈராக் துருக்மென் பேச்சு அசர்பைஜானிக்கும் கிழக்குத் துருக்கிப் பேச்சுக்கும் கிட்ட. எழுதும்போது பெரும்பாலும் இஸ்தான்புல் துருக்கியைப் பின்பற்றுவார்கள், அதனால்தான் நாடகம் விளங்குகிறது. 2005 அரசியலமைப்பில் துருக்மென் மொழிக்கு, அந்த மக்கள் செறிந்து வாழும் இடங்களில் அரச மொழி அந்தஸ்து உண்டு. அவரிடம் ஹொய்ராத் பாடச் சொல்லிக் கேளுங்கள். கிர்குக்காரரின் நாலடிப் பாட்டு அது, ஒரே ஒலியுள்ள சொல்லை அடிக்கு அடி வேறு பொருளில் வைத்துப் பாடுவார்கள், நம் ஆட்கள் சிலேடை என்று துள்ளுவோமே, அந்தச் சங்கதி. சோகமான குரலில் இழுத்துப் பாடுகிற பாட்டு, அவர் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்த பிறகு கேளுங்கள்.

அக்கரைப்பற்று மைனா:

இவ்வளவு பிரித்துப் பார்ப்பானேன்? எல்லாம் துர்க்கியர்தானே. துருக்கிக்காரரே எல்லோரும் ஒரே இனம் என்று சொல்கிறார்கள். துருக்மென் என்றால் துர்க்கியர் மாதிரி என்றுதான் அர்த்தம் என்று எங்கேயோ வாசித்தேன்.

வாவிக்கரை வாத்தியார்:

அந்த விளக்கம் பழைய கதை மைனா. கஷ்கரி என்ற அறிஞர் 1070களில் பக்தாதில் இருந்து எழுதின துர்க்கிய அகராதியில் வருகிறது. துல்கர்னைன், அலெக்சாண்டர் என்று பலர் சொல்கிறவர், அந்த ஆட்களைப் பார்த்து, பாரசீகத்தில் "துர்க் மானந்த்", துர்க்கியர் மாதிரி இருக்கிறார்களே என்றாராம். கேட்க நல்ல கதை. மொழி ஆராய்ச்சிக்காரர் பலர் கடைசியில் வருகிற 'மென்'னை அழுத்தம் தருகிற விகுதி என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் அசல் துர்க்கியர் என்று வரும். ஒன்று மாதிரி, மற்றது அசல். எதைப் பிடித்தாலும் இன்றைக்கு கிர்குக்கில் வாழ்கிற ஆளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எல்லாம் ஒன்று என்று சொல்வதில் எனக்குள்ள பிரச்சினை, யார் எதை இழந்தார் என்பது அதில் மறைந்துபோகும். 1881 ஜனவரியில் இப்போதைய துருக்மெனிஸ்தானில் உள்ள கோக்தெப்பே கோட்டையை ரஷ்யப் படை சுரங்கம் தோண்டி வெடிக்க வைத்து, ஓடினவர்களையும் துரத்திக் கொன்றது. அது தெக்கே ஆட்களின் துக்கம், கிர்குக்காரருக்கு அது வேறு நாட்டு வரலாறு. அதே வருசம் ரஷ்யாவும் ஈரானும் ஒப்பந்தம் போட்டு அத்ரெக் ஆற்றை எல்லையாக வைத்தபோது யொமுத் குடும்பங்கள் இரண்டாகின. ஆற்றுக்குத் தெற்கே நின்றவர்கள்தான் இன்றைக்கு ஈரானின் கொன்பத் காவூஸ், பந்தர் துர்க்கமன் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளே மந்தையோடு நகர்கிறவர் சார்வா, வயல் செய்கிறவர் சோமூர் என்று இருந்தது. மந்தை செத்தால் சார்வா சோமூர் ஆவான், கையில் நாலு ஆடு சேர்ந்தால் திரும்ப நகர்வான். எல்லை வந்த பிறகு அந்த நடமாட்டத்துக்கு இடமில்லை. சோவியத் கூட்டுப் பண்ணைக்குப் பயந்து 1920, 30களில் ஆப்கானிஸ்தானுக்கு ஓடினவர்கள் இன்னொரு பங்கு.

மற்றது, நம் பக்கத்துக்கும் இவர்கள் வராமல் இல்லை. முன்பு சொன்ன கறுப்பு ஆட்டுக் கூட்டத்தின் வாரிசு ஒருவர் தக்காணத்துக்கு வந்துதான் கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி அரசு உண்டானது. சார்மினார் அவர்கள் கட்டினது, 1591. ஹைதராபாத் பிரியாணி தின்னும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்தமருது குசினிக்காரன்:

சேர், ஓட்டோ, தங்கச்சி எல்லோருக்கும் பெரிய நன்றி. ஹொய்ராத் கட்டாயம் கேட்பேன். அமெர்லி பற்றி நானாகக் கேட்க மாட்டேன், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

செங்கலடி செல்வி:

இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். இவர் கட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளம் கொண்டுவந்தார், கடைக்காரன் புகாரா என்று சொல்லிக் கொடுத்தானாம். கொடியில் கம்பளச் சின்னம் என்றதும் கேட்கத் தோன்றியது. அது இவர்கள் நெய்ததா?

மருதமுனைத் தறி:

தங்கச்சி, புகாரா என்பது சந்தையின் பெயர், நெய்த ஆட்களின் பெயர் இல்லை. துருக்மென் பெண்கள் நெய்ததைப் புகாராவில் கொண்டுபோய் விற்றார்கள், வாங்கின வெள்ளைக்காரன் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டான். இப்போது பாகிஸ்தானில் நெய்ததுக்கும் அதே பெயர்தான். அசல் என்றால் தறியை நிலத்தில் படுக்க வைத்து நாலு மூலையிலும் முளை அடித்து நெய்வார்கள், இடம் மாறும்போது பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போக வசதி. பாவும் ஆட்டு ரோமம், முடிச்சும் ஆட்டு ரோமம், சிவப்பு மஞ்சிட்டி வேரில் வந்தது. எண்கோணமாக ஒரு பூ திரும்பத் திரும்ப வரும், அதற்கு 'கோல்' என்று பெயர், அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் தெக்கேயா யொமுத்தா என்று சொல்வார்கள். முன்பக்கத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பின்பக்கம் திருப்பி, ஒரு மூலையையும் குஞ்சத்தையும் சேர்த்து வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். குஞ்சம் பாவு நூலின் மிச்சமா, தனியாகத் தைத்ததா என்று முதலில் பார்ப்போம்.