எர்த் லீக்கேஜுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

சாட்ஸ்வொர்த், ஆசிரியை:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக வீட்டு மின்பாதுகாப்பு பற்றி ஒரு துண்டறிக்கை தயாராகிறது. பிள்ளைகள் அதை வீட்டில் ஆயாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எர்த்துக்கு 'நில இணைப்பு' என்று போட்டுவிட்டேன். டிபி போர்டில், அதாவது வீட்டு மின்பலகையில், டெஸ்ட் பொத்தானோடு இருக்கிறதே, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் அந்த எர்த் லீக்கேஜுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. 'நிலக்கசிவு' என்றால் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளைகள் கேட்டது சரியே. ஆறாம் வேற்றுமையில் 'நிலத்தின் கசிவு' என்று விரித்தால் ஊற்று, நான்காம் வேற்றுமையில் 'நிலத்துக்குக் கசிவு' என்று விரித்தால் மின்சாரம். 'மின்னொழுக்குக் காப்பு' என்று வையுங்கள். மேலும் கசிவுக்கு மனம் உருகுதல் என்ற பொருளும் உண்டு, தேவாரம் பாடுகிறவர்களுக்குத் தெரியும். கசி, கசடு, கசப்பு மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் எண்ணம். அதை விரிவாகத் தனி மடலில்.

சாட்ஸ்வொர்த், ஆசிரியை:
ஐயா, ஒழுக்கு என்றால் ஆயா நன்னடத்தைப் பாடம் என்று நினைத்துக்கொள்வார்.

பீனிக்ஸ், எலக்ட்ரீஷியன்:
பெயரில் எர்த் இருப்பதே வம்பு. அந்தக் கருவி எர்த் கம்பியைப் பார்ப்பதே இல்லை. லைவில் (மின்சாரம் வரும் கம்பியில்) போன மின்னோட்டம் அவ்வளவும் நியூட்ரலில் (திரும்பும் கம்பியில்) திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும், அதாவது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பழுதான கெட்டில் வழியாகப் போனாலும் சரி, ஈரக்காலோடு நிற்கும் ஆளின் உடம்பு வழியாகப் போனாலும் சரி. அதனால் 'வேறுபாட்டு வெட்டி'. லைவையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தவரை இது காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. போனது திரும்பி வந்துவிட்டால் அதற்குச் சந்தேகமே வராது. இதையும் எழுதுங்கள் டீச்சர்.

அதைவிட முக்கியமான ஒன்று. எர்த் லீக்கேஜ்தான் இருக்கிறதே என்று பிளக்கில் எர்த் வயரைக் கழற்றி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எர்த் சரியாக இருந்தால், கெட்டிலின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறியதுமே கருவி விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது வந்து தொடுகிறவரை விழாது. நம் ஊர் மூன்று உருண்டை முனைப் பிளக்கில் ஒன்று மட்டும் தடித்து நீண்டிருப்பது எதற்கு? எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் விடுபடத்தான். பிளக் மாட்டும்போது பச்சை-மஞ்சள் வயர் அதற்குத்தான் போக வேண்டும். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
லைவ், நியூட்ரல், பிளக், வயர். தம்பி, ஒரு மடலில் இத்தனையா?

பீனிக்ஸ்:
ஐயா வீட்டில் சாவியும் ஜன்னலும் இல்லையா? இரண்டும் போர்ச்சுகீசியர் கொடுத்தவை.

ஜோகன்னஸ்பர்க், பொறியாளர்:
இலங்கைத் தமிழில் சுவிட்சுக்கு 'ஆளி' உண்டு. 'கசிவாளி' எப்படி? நுண்ணிய கசிவுக்கே விழும் இந்தக் கருவியை 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக உருவாக்கியவர் ஹென்றி ரூபின். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு நாமே பெயர் வைக்கலாம், சென்னையைக் கேட்டு நிற்க வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்:
கசிவாளி என்றதும் வகுப்பில் ஓட்டை வாளியைப் படம் போட்டுவிட்டார்கள். வேறுபாட்டு வெட்டி சரியான பொருள்தான், ஆனால் விளக்கம் சொல்லாமல் புரியாது. போதாததற்கு 'வெட்டி' என்றால் சும்மா இருப்பவன். 'மின்கசிவுக் காவல்' என்று போட்டு, பக்கத்திலேயே எர்த் லீக்கேஜ் என்றும் எழுதப்போகிறேன். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள்.

பீனிக்ஸ்:
எனக்கு இன்னும் வேறுபாடுதான். பெயர் எப்படியோ போகட்டும், டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்லும் வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அழுத்தியும் விழாவிட்டால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், தாங்களே மூடியைத் திறக்கக்கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
மின்கசிவு ஏற்கிறேன். காவல் ஏற்கவில்லை, காப்புதான். கசடு பற்றிய மடல் நாளை வரும்.