படிக்கல்லில் ஸ்ட்ரோமடோலைட்டா? அறுத்துப் பார்க்க உதவி வேண்டும்

தண்டையார்பேட்டையில் போன மாதம் இடித்த ஒரு பழைய வீட்டின் படிக்கல் என்னிடம் இருக்கிறது, அது ஸ்ட்ரோமடோலைட்தானா (பழங்காலத்தில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக வளர்த்த கல் படிவம்) என்று உறுதி செய்ய முடியாமல் நிற்கிறேன்.

கல் கடப்பா பக்கமிருந்து வந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். அங்கே வேம்பள்ளி டோலமைட்டில் (சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு பாறை) 190 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோமடோலைட்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு ஆர்வம். ஒன்றரை அடி நீளம், சாம்பல் நிறம். உடைந்த பக்கத்தில் மில்லிமீட்டர் கனத்தில் அடுக்குகள், வெங்காயத்தைப் பாதியாக வெட்டியது போல ஒன்றின் மேல் ஒன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கின்றன.

நனைத்து லென்ஸில் பார்த்தேன், அடுக்குகள் குவிமாடத்தின் உச்சியில் தடித்து ஓரத்தில் மெலிகின்றன. படிவு வெறுமனே மடிந்திருந்தால் இப்படி இருக்குமா என்று தெரியவில்லை, நுண்ணுயிர்ப் பாய் வண்டலைப் பிடித்து மேலே வளர்ந்திருந்தால் பொருந்தும். வினிகர் விட்டேன், கல்லில் ஒன்றும் இல்லை, சுரண்டிய தூளில் மட்டும் மெல்ல நுரைத்தது, சுண்ணாம்புக்கல் என்றால் கல்லிலேயே நுரைத்திருக்கும், அப்படியானால் டோலமைட்டாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் பக்கத்து கிரானைட் பட்டறையில் கேட்டால், விரிசல் இருக்கிறது, மெல்லிசாக அறுத்தால் சிதறிவிடும் என்று கைவிரித்துவிட்டார்கள். இந்தக் கல் தூளாகிப் போவதை என்னால் தாங்க முடியாது.

நுண்ணோக்கியில் பார்க்கும் அளவுக்கு இதை மெல்லிய தகடாகப் பத்திரமாக அறுத்துத் தருபவர்கள் சென்னையில் எங்கே இருக்கிறார்கள்?